வடதளியின் முன்



கோபன்ஹேகன் நகரில் தோர்வால்ட்சன் என்னும் சிற்பிக்கென 1848இல் திறக்கப்பெற்ற கலைக்கூடத்தில், அவர்தம் கல்லறையும் அவர் வடித்த உருவங்களுக்கு நடுவிலேயே அமைந்துள்ளது. நம் கொடும்பாளூர் மூவர் கோயிலை வடித்தவர் பெயரோ நமக்குக் கிட்டவில்லை. கிட்டியவை தேவியர் இருவர் பெயர்கள்: கற்றளி, வரகுணை.

ஆயிரம் ஆண்டுகட்கு முன், இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் அவ்விருவர் பெயராலும் மூன்று விமானங்கள் எடுப்பித்தான். காளாமுகத் துறவி மல்லிகார்ச்சுனருக்கு மடமளித்து, 50 துறவியர்க்கு உணவும் வகுத்தான். வடமொழிக் கல்வெட்டொன்று இவற்றைக் கூறுகிறது. இன்று நிற்பவை இரண்டு தளிகளே. வடதளிக்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. நடுத்தளி அரசனுடையதெனக் கொள்வோமாயின், அழிந்தது தேவியொருத்தியின் தளி. எவளுடையது? கற்கோயிலையே குறிக்கும் சொல்லைப் பெயராகக் கொண்ட கற்றளியினதாயின், அது எத்துணைக் கொடிய முரண்!

இவ்வூர்ச் சிற்பங்கள் சில திருக்கோகர்ணத்தில், புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ளன. காப்பு வேண்டியதே, மறுக்கவில்லை. ஆயினும் அண்ணாந்து காண வடித்த திருமேனியை அங்கே நேர்நின்று காண்கிறோம். விமானத்தில் யானையுரித்த பெருமானையும் மாதொருபாகனையும் கண்ட கண்ணுக்கே அவ்வேறுபாடு புலப்படும். எனவே மாணவியரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களை வேண்டுகிறேன்: முதலில் மூவர் கோயில், பிறகு அருங்காட்சியகம். வடதளி மேடையருகே இரு பெயர்களையும் உரக்கச் சொல்லச் செய்யுங்கள்.