கூலி உள்ள ஓய்வு நாள்



1937 டிசம்பரில் இதே நீடாமங்கலத்தில், காங்கிரஸ் மாநாட்டுச் சமபந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதற்காக நம் பாட்டன்மாரை அடித்தார்கள். மொட்டையடித்துச் சாணிப்பால் புகட்டினார்கள். அன்று பந்தியில் உட்கார்ந்ததற்கு அந்தத் தண்டனை. இன்று ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்தால் பட்டினி.

அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தபோது, 1945-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சம்பளத்தோடு விடுமுறை சேர்ந்தது. பருவகால ஆலைகள் அதில் வரவில்லை. 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தேசிய, பண்டிகை விடுமுறைகளைத் தொழிற்சாலைக்கும் கடைக்கும் தோட்டத்துக்கும் தந்தது. நம் நெல் வயல் அந்தப் பட்டியலில் இல்லை. நடவுக்குப் போகும் நம் அம்மாக்களுக்கு மே நாளும் வேலை நாள்தான்.

தினக்கூலிக்கு விடுமுறைச் சம்பளம் எப்படித் தருவது என்கிறார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு வழி சொல்கிறது: வாக்குப்பதிவு நாளில் விடுமுறை, வழக்கமாக விடுமுறைக்குக் கூலி பெறாதவருக்கும் அன்றைய கூலி உண்டு. ஓட்டுக்கு ஒரு நாள் தரமுடிந்தால், உடம்புக்கும் ஒரு நாள் தரலாம்.

வேலை செய்த நாட்களை நோட்டில் குறித்து வைப்போம். அடுத்த தேர்தலன்று அந்தக் கூலியைச் சேர்ந்து போய்க் கேட்போம். அங்கிருந்து தொடங்குவோம்.

ஜெய்பீம்.