தாய்மையும் தன் பெயரும்

(போடிநாயக்கனூரில் நம் சங்கத்து மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



தாய்மார்களின் கலைத்திறனைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் எமக்குக் கட்டளையிட்டனர். தாய் என்னும் சொல்லின் பெருமையை எடுத்தோத யாம் வரவில்லை. அதனைப் பலரும் பலகாலும் செய்துவிட்டனர். தாயைப் புகழ்வோர் பலர். அத்தாய்க்கும் தனக்கென ஒரு மனமுண்டு, அம்மனத்தில் ஒரு விருப்பமுண்டு என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. அச்சிலரைப் பலராக்க வேண்டுமென்பதே எம் கருத்து.

நம் இல்லங்களில் ஒரு பெண்ணின் பெயர் படும் பாட்டைச் சற்றே நோக்குங்கள். பிறந்த வீட்டில் பெற்றோர் ஆசையுடன் ஒரு பெயரிட்டு அழைக்கின்றனர். புகுந்த வீட்டில் அவள் இன்னாருடைய மருமகள் ஆகிறாள். பிள்ளை பிறந்தபின் இன்னானுடைய அம்மா ஆகிறாள். அன்பினால் வந்த அழைப்பே அது, அதில் குற்றமொன்றுமில்லை. ஆயினும், பத்து வயதில் தெருவடைத்துக் கோலமிட்டவள் எங்கே? முளைப்பாரிக் கும்மியில் முன்னின்று பாட்டெடுத்துக் கொடுத்தவள் எங்கே? திண்ணையில் சிறுவரைக் கூட்டிவைத்துப் புதுக்கதை கட்டிச் சொன்னவள் எங்கே? அவள் எங்கும் போய்விடவில்லை. அவளை அப்பெயரிட்டு அழைப்பாரில்லாமையால், அவளும் தன்னை மறந்திருக்கிறாள்.

தாய்மையும் கலையும் ஒன்றுக்கொன்று பகையென்று எண்ணுவோர் தாலாட்டை நினைக்கக் கடவர். எழுத்தறியாத் தாய்மார் தொட்டிலருகே நின்று கட்டிய கவிதை அது. குழந்தை உறங்குவதற்கு ஓசை மட்டும் போதும். ஆனால் நம் தாய்மார் அவ்வோசையோடு நில்லாமல் தம் பிறந்தகத்தைப் பாடினர். தம் உடன்பிறந்தான் கொண்டுவரும் சீரைப் பாடினர். வாய்விட்டுச் சொல்லவொண்ணாத தம் மனக்குறையையும் அதிலே வைத்துப் பாடினர். கேட்பதற்குக் குழந்தையைத் தவிர வேறொருவருமில்லை என்ற துணிவிலே அப்பெண் தன்னையே பாடிக்கொண்டாள். இங்ஙனம் பிறந்த பாட்டுக்கள் எத்தனையோ. கட்டியவள் பெயர் ஒன்றிலேனும் இல்லை.

இன்று நம்மூர்த் தாய்மாரின் நாள் எவ்வாறு செல்கிறதென்பதை இச்சபையார்க்கு யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. விடியுமுன் எழுந்து சோறாக்கி, தூக்குச் சட்டியில் நிரப்பி, பிள்ளையை மாமியாரிடமோ அயலாரிடமோ ஒப்படைத்து, ஜீப்பில் நெருங்கியமர்ந்து, போடிமெட்டின் ஊசி வளைவுகளில் ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோர் பலர். ஊரிலேயே கிட்டங்கிகளில் அமர்ந்து காய் பொறுக்கித் தரம் பிரிப்போர் பலர். பருமன், நிறம், வெடிப்பு ஆகியவற்றை ஒரு பார்வையில் கண்டுகொள்ளும் கண்ணும் விரலும் அவர்களுடையவை. அவர்கள் பிரித்த காய் ஏலத்துக்குச் செல்லும்போது குவியலுக்கு ஓர் எண்ணும், எடையும், விலையும் உண்டு. பிரித்தவள் பெயர் அங்கும் இல்லை. வீட்டிலேயே இருக்கும் சகோதரிகளின் நிலையும் இதனின் வேறன்று. அவர்கள் வேலைக்கு எண்ணும் இல்லை, எடையும் இல்லை.

"இத்தனை பாரத்தினிடையே கலையாவது, கற்பனையாவது? தாய் தன் விருப்பத்தைப் பின்பற்றினால் பிள்ளையை யார் பார்ப்பது?" என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. இதற்கு யாம் வாதத்தால் விடை கூறுவதினும், வாழ்ந்து காட்டிய மூவரைக் காட்டுவது நலமெனக் கருதுகிறோம்.

முதலாமவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். 1901-ஆம் ஆண்டில் பிறந்தவர். பால்ய விவாகம் செய்விக்கப்பெற்றவர். பள்ளிக்கூடம் சென்று கற்றவரல்லர். கதை கட்டும் ஆற்றல் நிரம்ப இருந்தது. எழுதக் கை பழகவில்லை. ஆகவே அவர் சொல்லச் சொல்ல, அவருடைய தோழி பட்டம்மாள் என்பார் எழுதினார். 'இந்திர மோஹனா' என்னும் நாடகம் அவ்விதம் உருவாயிற்று. 1925-இல் 'ஜகன்மோகினி' என்னும் பத்திரிகையை ஏற்று, முப்பதாண்டுகளுக்கு மேல் நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். விடுதலைப் போரில் சிறை புகுந்தபோதும் எழுத்தை விட்டாரில்லை. இத்தனையும் செய்தவர் ஒரு மகனைப் பெற்று வளர்த்த தாய். அவர் பெயரின் முன்னுள்ள 'வை. மு.' என்னும் எழுத்துக்கள் புக்ககத்தின் குடிப்பெயரைக் குறிப்பன. கோதைநாயகி என்பதோ அவருடைய சொந்தப் பெயர். குடிப்பெயரை அவர் நீக்கவில்லை; தம் பெயரை அதற்குள் மறைத்துவிடவுமில்லை. மனைவியை நாடகம் காண அழைத்துச் சென்று, அவர் எழுத்துக்குத் துணை நின்ற கணவர் பார்த்தசாரதி அவர்களையும் இங்குள்ள சகோதரர்கள் மனத்திற் கொள்வாராக.

இரண்டாமவர் அத்தகைய துணை வாய்க்கப் பெறாதவர். துவரங்குறிச்சியில் பிறந்த கவிஞர் சல்மா அவர்கள் தம் வரலாற்றைத் தாமே பல இடங்களிற் கூறியுள்ளார். இளம் பருவத்திலேயே பள்ளி நிறுத்தப்பட்டது. மணமாகி மக்களைப் பெற்றபின், இல்லத்தார் அறியாவண்ணம் மறைவிடத்தே நின்று எழுதினார். எழுதிய தாள்களை வெளியே சேர்ப்பித்தவர் அவரைப் பெற்ற அன்னையார். சொந்தப் பெயரில் எழுத இயலாமையால் சல்மா என்ற பெயரைத் தாமே சூடிக்கொண்டார். 2000-இல் முதற் கவிதைத் தொகுதியும், 2004-இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்னும் நாவலும் வெளிவந்தன. இல்லத்தில் இடமில்லாதபோதும் ஒரு தாயின் கலை சாவதில்லை என்பதற்கு இது சான்று. ஆயின், ஒளிந்து நின்று எழுதும் துன்பம் இனி ஒரு பெண்ணுக்கும் வரலாகாது என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

மூன்றாமவர் வீணை தனம்மாள். 1867 முதல் 1938 வரை வாழ்ந்தவர். நான்கு பெண்களைப் பெற்ற தாய். சென்னையில் அவர் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை ஒலிக்கும். சங்கீத விற்பன்னர்கள் அடங்கியமர்ந்து கேட்பார்கள். மாலைப்பொழுது வீட்டுவேலை மிகுந்த பொழுதென்று எவரும் சொல்லத் துணிந்தாரில்லை. அப்பொழுது தனம்மாளுக்கு உரியது. அவ்வோசையைக் கேட்டு வளர்ந்த குடும்பத்தில் பிருந்தாவும் முக்தாவும் பாடகியராயினர். மற்றொரு பேத்தி பாலசரஸ்வதி நாட்டியத்தில் உலகப் புகழ் பெற்றார். அவர் ஆட, அவரைப் பெற்ற ஜெயம்மாள் பாடினார். தாய் தன் கலையை விடாதிருந்ததால் பிள்ளைகள் கெட்டனர் என்று கூறுவோர் இக்குடும்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனினும் சகோதரிகளே, இங்கே ஒன்றை அழுத்திக் கூற விரும்புகிறோம். தாய் கற்றால் பிள்ளை கற்கும், தாய் பாடினால் பிள்ளை பாடும் என்று சொல்லியே பெண்களின் கல்விக்கு ஆதரவு தேடுவது நெடுநாளைய வழக்கம். அது மெய்யே. ஆனால் அதுவொன்றே காரணமாயின், பாடாத பிள்ளையைப் பெற்றவள் பாடுதற்கு உரிமையற்றவளாவாள். பிள்ளையில்லாதவள் ஒன்றுக்குமே உரிமையற்றவளாவாள். பசித்தவனுக்குச் சோறிடும்போது, இவன் உண்டால் யாருக்கு லாபம் என்று கேட்கிறோமா? மனத்தின் பசியும் அவ்வாறே. ஒரு தாய் பாடுவது முதற்கண் அவளுக்காகவே. பிள்ளை பெறும் பயன் அதன்பின் வருவது.

ஆங்கில நாட்டு எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1928-இல் கேம்பிரிட்ஜ் மாணவிகளிடையே பேசியவற்றை அடுத்த ஆண்டில் நூலாக்கினார். எழுத விரும்பும் பெண்ணுக்குத் தனக்கென ஓர் அறையும் சொந்தப் பணமும் வேண்டுமென்பது அவர் கருத்து. ஓரறை வீட்டில் அறுவர் வாழும் நம்மூரில் தனியறைக்கு எங்கே போவது? ஆதலால் அறையைக் கேளாது, பொழுதைக் கேட்கிறோம்.

அதற்கு வழி நம் மலையிலேயே இருக்கிறது. ஏலச்செடி தனி வெயிலில் நில்லாது. அதற்குப் பெருமரங்களின் நிழல் வேண்டும். நிழல் மிகுந்தாலோ பூ குறையும். இதனை அறிந்த தோட்டக்காரர் மழைக்கு முன்னரே நிழல்மரங்களைக் கவாத்துச் செய்து, கீழே அளவோடு வெளிச்சம் விழச் செய்கின்றனர். ஒருவரும் மரத்தை அடியோடு வெட்டுவதில்லை. குடும்பம் என்பது அத்தகைய நிழல்மரம். அதை நீங்கிப் போகுமாறு எந்தத் தாய்க்கும் யாம் கூறவில்லை. கிளையைச் சிறிது கழியுங்கள் என்றே குடும்பத்தாரைக் கேட்கிறோம். வைகறையில் விரியும் ஏலப்பூ மறுநாளைக்கு நில்லாது. அன்றே வண்டு வந்தால்தான் காய். தாயின் மனத்தில் தோன்றும் பாட்டும் கதையும் அப்படிப்பட்டவையே. பிள்ளைகள் வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தால், அன்று பூத்தது அன்றே உதிரும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இச்சபையின் முன் வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வோர் இல்லத்திலும் தாய்க்கென நாளொன்றுக்கு ஒரு நாழிகை ஒதுக்குக. ஒரு நாழிகை என்பது 24 நிமிஷமே. அப்பொழுதில் அடுப்பையும் பிள்ளையையும் ஆடவர் பார்த்துக்கொள்க. அவள் எழுதலாம், பாடலாம், தைக்கலாம், வாளாவும் இருக்கலாம். கணக்குக் கேட்க வேண்டா.

இரண்டாவது, சங்கத்தின் குடும்பப் பதிவேட்டிலும், நம் இல்லத்து விவாகப் பத்திரிகைகளிலும் 'இன்னார் மனைவி' என்று மட்டும் குறிக்கும் வழக்கத்தை விட்டு, தாயின் பெயரை முழுமையாக அச்சிடுக. இதற்குச் செலவாவது சிறிது மையே.

மூன்றாவது, நம் மாதப் பத்திரிகையில் இரண்டு பக்கங்களைத் தாய்மார்க்கென விடுக. எழுதத் தெரியாதவர்கள் தயங்க வேண்டா. கோதைநாயகி அம்மாளுக்கு ஒரு பட்டம்மாள் வாய்த்ததுபோல், நம் பாட்டிமார்க்குப் பள்ளியிற் படிக்கும் பேத்திகளும் பேரன்மாரும் இருக்கின்றனர். பாட்டி பாடட்டும், பேத்தி எழுதட்டும். தாலாட்டும், கும்மியும், ஒப்பாரியும், தோட்டத்தில் காயெடுக்கும்போது கட்டிய பாட்டும் வரட்டும். ஒவ்வொன்றின் கீழும் பாடியவர் பெயர் இருக்க வேண்டும். முதியோர் ஒருவர் மறையுந்தோறும் அவர் நெஞ்சிலிருந்த பாட்டுக்களும் உடன் மறைகின்றன. ஆதலின் இப்பணியை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தலாகாது.

சகோதரிகளே! பிறர் இடம் தருவது ஒருபுறமிருக்க, நீங்களும் தயங்காது எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பது நம் பழக்கமாய்விட்டது. பொழுதையும் அவ்வாறு மிஞ்சியபின் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தால், அது ஒருநாளும் மிஞ்சாது.

இக்கூட்டம் கலையுமுன், பதிவேடு அம்மேசையின்மீது வைக்கப்பெறும். இன்னார் மனைவி, இன்னார் தாயார் என்று எழுதாமல், ஒவ்வொருவரும் தத்தம் பெயரையும், தாம் அறிந்த கலை ஒன்றையும் எழுதிச் செல்லுமாறு வேண்டி அமைகிறோம்.