மார்பில் இருந்த திறவுகோல்



எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வெளிவந்தது. தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என வழங்கும், ஆங்கிலேயர் ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட நூலின் வழிநூல் அது. பனியன் தீட்டிய ஒரு காட்சியை மட்டும் ஈண்டு நினைவூட்ட விழைகிறேன்.

சந்தேகக் கோட்டையில் அவநம்பிக்கை என்னும் அரக்கன் இரு பயணிகளை அடைத்து வைக்கிறான், அடிக்கிறான், உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டுகிறான். சனிக்கிழமை நள்ளிரவில் அவர்கள் ஜெபிக்கத் தொடங்குகின்றனர். விடியும் வேளையில் ஒருவனுக்கு நினைவு வருகிறது: 'வாக்குத்தத்தம்' என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே உள்ளதே! கதவு திறக்கிறது. வாக்களித்தவரோடு பேசியபோது, அவர் முன்பே அளித்தது நினைவில் எழுந்தது. கிறித்தவர் கூறும் நம்பிக்கை இவ்வுறவில் பிறப்பதாகும்.

பனியனின் சிறைக்கதவோ அவ்வாறு திறக்கவில்லை. பிரசங்கம் செய்வதை நிறுத்த இசைந்திருந்தால் விடுதலை கிடைத்திருக்கும். அவர் மறுத்தார்; 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டுச் சிறையில் இருந்தார். பார்வையற்ற மகளைப் பிரிந்த துயர் அவரை வாட்டியது. இறைவனை அறிந்தவர்க்குத் துன்பமே வாராது என்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பூட்டிய கதவுக்குள்ளும் சோர்ந்துவிடாத நெஞ்சம் ஒன்றை அவ்வுறவு அவருக்குத் தந்தது. அந்நெஞ்சமே நெல்லைச் சீமையின் கவிஞர் வழியாகத் தமிழுக்கும் வந்து சேர்ந்தது.