வார்லி தேவாலயத்தின் கூர்வளைவு



ஹட்டனில் பஸ் ஏறி, டிக்கோயா தாண்டி நோர்வூட் பக்கம் போகும்போது, காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே தேயிலை மேட்டில் ஒரு கல் கோயில் தெரியும். 1878இல் கட்டிய வார்லி கிறிஸ்து தேவாலயம் அது. கோப்பிச் செடியில் இலைத்துரு பரவி, தோட்டங்கள் ஒடிந்துகொண்டிருந்த காலம். கீழே இன்று நாம் காணும் நீர்ப்பரப்பு அன்று இல்லை. அணை 1965இல்தான் வந்தது.

அந்தக் கோயிலின் ஜன்னலைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்தேன். வணக்கம் சொல்லக் கை கூப்பினால் விரல் நுனிகள் மேலே கூடும் அல்லவா, அந்த வடிவம். கோதிக் கட்டடக் கலையின் உயிரே இந்தக் கூர்வளைவுதான். அழகுக்காக மட்டும் பிறந்ததல்ல. அரைவட்ட வளைவு சுமையைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும். அதைத் தாங்கச் சுவர் பருமனாக இருக்க வேண்டும். கூர்வளைவு அந்தத் தள்ளலைக் குறைத்துப் பாரத்தைக் கீழே இறக்கும். வெளியே முட்டுச்சுவர் கொடுத்துவிட்டால், இடைச்சுவரைத் திறந்து கண்ணாடி போடலாம்.

இந்தக் கலையின் உச்சம் கேம்பிரிட்ஜில் உள்ள கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயம். ஆறாம் ஹென்றி மன்னர் 1446இல் அடிக்கல் நாட்டினார். உள்நாட்டுப் போரால் வேலை நின்று நின்று நடந்தது. கடைசியில், 1512 முதல் மூன்றே வருடத்தில், ஜோன் வாஸ்டல் என்ற கொத்தனார் 80 அடி உயரத்தில் கல்லை விசிறி விசிறியாக விரித்துக் கூரையை முடித்தார்.

வார்லியில் கல் கூரை இல்லை, மரக்கூரைதான். எனக்கு அது குறையாகப் படவில்லை. வெளியே மலைமழை இரையும்போது மரத்தின் கீழ் உட்கார்ந்திருப்பதில் ஒரு கதகதப்பு உண்டு. வெயில் வந்தால் வண்ணக் கண்ணாடியின் சிவப்பும் நீலமும் பழைய வாங்கில் விழும். முகில் மூடினால் நொடியில் அணைந்துவிடும். அதைப் பார்க்கவே அரைமணி நேரம் அங்கே இருக்கலாம்.

ஒன்றுதான் மனதை அறுக்கிறது. கேம்பிரிட்ஜ் கொத்தனாரின் பெயர் 500 வருடம் கழித்தும் நமக்குத் தெரிகிறது. வார்லிக் கல்லறைகளில் துரைமார் பெயர்களை வாசிக்கலாம். அந்த மேட்டுக்குக் கல் ஏற்றியவர்கள் யார், வளைவுக்குக் கல் செதுக்கியவர்கள் யார்? டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை லயங்களில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களே, உங்கள் பாட்டன் பூட்டன் அந்தக் கோயில் வேலைக்குப் போன கதை வீட்டில் இருந்தால், பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதி வையுங்கள். பெயரையும் தோட்டத்தையும் மறக்காமல் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.