கூட்டுக்குள் இருக்கிற பறவைக்கும் ஒரு தராசு



வாடைக்காற்று தொடங்கிவிட்டால் மன்னார்ப் பாலத்தடியில் வாகனத்தை ஓரங்கட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பவர்கள் கூடிவிடுவார்கள். தள்ளாடிப் பக்கமும் வங்காலைக் களப்பும் உப்பளத்து ஓரங்களும் பறவைகளால் நிறைந்துபோகும். ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். பூநாரை வரும், நண்டுண்ணி வரும். 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது நம் வங்காலை.

கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சம்பத் செனவிரத்னவும் அவரது குழுவினரும் இங்கே பறவைகளைப் பிடித்து, முதுகில் ஜிபிஎஸ் கருவி பூட்டிப் பறக்கவிடுகிறார்கள். 2021இல் அப்படி விட்ட கடற்காகம் ஒன்றுக்கு மேகா என்று பெயர். அது ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போய் மன்னாருக்கே திரும்பி வந்தது. பறவைக்கு வளையம் இடுகிறவர்களின் வேலையைப் பாருங்கள். பறவையைத் துணிப்பைக்குள் விட்டுத் தராசில் நிறுப்பார்கள், சிறகை அளப்பார்கள், இறகு உதிர்ந்து முளைக்கிற நிலையைக் குறித்துக்கொள்வார்கள். எல்லாம் சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

எங்கிருந்தோ வந்த பறவையின் நிறை ஒரு கொப்பியில் பதிவாகி இருக்கிறது. பேசாலையிலோ எருக்கலம்பிட்டியிலோ நம் வீட்டு விறாந்தையில் தொங்கும் கூட்டுக்குள் இருக்கிற லவ் பேர்ட்ஸின் நிறை எத்தனை கிராம்? நம்மில் பலருக்குத் தெரியாது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் உங்களோடு கதைக்க வந்திருக்கிறேன்.

பறவை வளர்க்கிறவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்: "நேற்றுப் பின்னேரம்வரை நல்லாத்தான் இருந்தது. விடியப் பார்த்தால் கூட்டுக்கு அடியில கிடக்குது." உண்மையில் அது நேற்று நல்லாக இருக்கவில்லை. ஒரு கிழமையாக, சிலவேளை ஒரு மாதமாகவே சுகமில்லாமல் இருந்திருக்கும். கூட்டத்தில் சோர்ந்து நிற்கிற பறவையைத்தான் வல்லூறு முதலில் தூக்கும். அதனால் எந்தப் பறவையும் தன் வருத்தத்தைக் கடைசிவரை மறைக்கும். கூட்டுக்குள் பிறந்து வளர்ந்த பறவைக்கும் அந்தக் குணம் போவதில்லை. இறகைச் சிலுப்பிக்கொண்டு கண்ணை மூடி அது தரையில் குந்தியிருக்கிற நேரத்தில், மறைக்கிற பலமும் அதற்கு இல்லாமல் போய்விட்டது என்றுதான் கொள்ள வேண்டும். அதனால்தான் பறவையை நல்லாக இருக்கிற காலத்திலேயே சோதிக்க வேண்டும் என்கிறேன்.

முதல் சோதனைக்கு வைத்தியரும் தேவையில்லை. கேக் அடிக்கிற வீடுகளில் கிராம் காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு இருக்கும். அதில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, இலக்கத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, பறவையை உள்ளே விட்டு, காற்றுத்துளையுள்ள மூடியால் மூடுங்கள். இலக்கம் ஒரு இடத்தில் நின்றதும் எழுதிக்கொள்ளுங்கள். நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்கிற அந்தச் சின்னக் கிளி 30 முதல் 40 கிராம்வரை இருக்கும். 35 கிராம் பறவையில் நாலு கிராம் குறைந்தால் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. கண்ணுக்கு அது தெரியாது, இறகு மூடிக்கொள்ளும். தராசுக்குத் தெரியும். கிழமைக்கு ஒருநாள், காலையில் தீன் போடுவதற்கு முன் நிறுங்கள். இந்த வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள், அவர்கள் ஒருநாளும் மறக்கமாட்டார்கள்.

இரண்டாவது, எச்சம். கூட்டுத் தட்டில் மணலோ உமியோ போடாமல் வெள்ளைத் தாள் விரியுங்கள். சுகமான பறவையின் எச்சத்தில் மூன்று பகுதி இருக்கும்: பச்சையோ கபிலமோ நிறத்தில் மலம், அதன்மேல் சுண்ணாம்பு போல வெள்ளை, சுற்றிவரக் கொஞ்சம் தெளிந்த நீர். அந்த வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஈரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஒரு கீரைத்துண்டு தின்ற பிறகு நீர் கூடினால் பயப்பட வேண்டாம். இரண்டு நாள் தொடர்ந்து நிறம் மாறியிருந்தால் பொறுத்திருக்காமல் வைத்தியரிடம் போங்கள். சும்மா இருக்கும்போதே மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினாலும் அப்படித்தான்.

இனி வைத்தியர். மன்னாரில் அரச மிருக வைத்தியர் பணிமனை இருக்கிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் என்றால் ஓடிப்போகிற நாம், கூட்டுப் பறவையைத் தூக்கிக்கொண்டு போவது அரிது. வருடத்துக்கு ஒருக்கால் போக வேண்டும் என்பது என் கருத்து. வைத்தியர் முதலில் பறவையைத் தொடமாட்டார். தூர நின்று அது குந்துகிற விதத்தையும் மூச்சையும் பார்ப்பார். பிறகு கையில் எடுத்து மூக்குத்துவாரம், வாய், தீன்பை, கால் என்று பார்த்து, மார்பெலும்பைத் தடவுவார். அந்த எலும்பு கத்தி முனைபோலக் கைக்குத் தட்டுப்பட்டால் சதை வற்றிவிட்டது. சொண்டின் ஓரத்தில் தேன்வதைபோல ஓட்டை ஓட்டையாகப் பொருக்கு இருந்தால் அது ஒருவகைச் சிற்றுண்ணி. தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கிறவர்கள் உண்டு. வைத்தியர் அளந்து கொடுக்கிற மருந்தில் அது மாறிவிடும்.

எச்சத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் புழு முட்டைகள் தெரியும். இரத்தம் எடுப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: உடல் நிறையில் நூற்றுக்கு ஒன்றுக்குமேல் எடுக்கக்கூடாது. 35 கிராம் பறவையிடமிருந்து ஏழு துளிதான் எடுக்கலாம். ஆகவே கேட்டவுடன் எல்லாச் சோதனையும் செய்துவிட முடியாது, செய்யவும் வேண்டியதில்லை. வீட்டில் நெடுநாளாகத் தனியே இருக்கிற ஒரு பறவைக்கு உடற்பரிசோதனையும் எச்சப் பரிசோதனையும் போதும். பத்து இருபது சோடி வைத்துக் குஞ்சு பொரிக்கவிட்டு விற்கிறவர்களின் நிலையோ வேறு. அவர்களுடைய ஒரு பறவையில் இருக்கிற கிருமி பத்து வீட்டுக்குப் போகும். அவர்கள் தொண்டையிலும் எச்சத்துவாரத்திலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, கிளிக்காய்ச்சலுக்கும் இறகு உதிர்க்கிற வைரசுக்கும் பிசிஆர் சோதனை செய்ய வழி கேட்க வேண்டும். கன்னொறுவையில் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடமும் இருக்கின்றன. எந்த மாதிரியை எங்கே அனுப்பலாம் என்று நம் ஊர் வைத்தியரிடம் கேளுங்கள்.

கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். காய்ந்த எச்சத்தின் தூசியைச் சுவாசித்தாலே போதும். 1929, 1930இல் தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறிய கிளிகளோடு அது பல நாடுகளுக்குப் பரவியது. நூற்றுக்கணக்கானோர் நோயில் விழுந்தார்கள், பலர் இறந்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி ஹூவர் 1930 ஜனவரியில் கிளி இறக்குமதியையே தடை செய்தார். இன்று மருந்து இருக்கிறது. பறவைக்கு 45 நாள்வரை கொடுக்க வேண்டிவரும். கடும் காய்ச்சல், தலையிடி, வறட்டு இருமலோடு வைத்தியசாலைக்குப் போனால், "வீட்டில் பறவை வளர்க்கிறோம்" என்பதையும் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை இருந்தால் வைத்தியர் அந்தப் பக்கமும் யோசிப்பார்.

நம் வீடுகளில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஒரே முற்றத்தில் நாட்டுக்கோழி, கூரையில் புறா, விறாந்தையில் கூடு, வேலிக்கு அப்பால் களப்பு. 1997இல் ஹொங்கொங்கில் பறவைக் காய்ச்சல் கிருமி கோழியிலிருந்து மனிதருக்குத் தொற்றியபோது 18 பேர் பாதிக்கப்பட்டு 6 பேர் இறந்தார்கள். அந்தக் கிருமியை ஆராய்ந்தவர்களில் ஒருவர் நம் நாட்டில் பிறந்த பேராசிரியர் மலிக் பீரிஸ். அங்கே பின்னாளில் சந்தைகளில் நோயின் அறிகுறி எதுவும் இல்லாத கோழிகளையும் வாத்துகளையும் இடைவிடாமல் சோதித்துவந்தார்கள். நாமும் செய்யக்கூடியவை உண்டு. களப்பங்கரையில் துவண்டு கிடக்கிற பறவையை இரக்கப்பட்டு வீட்டுக்குத் தூக்கிவராதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். கோழிகளுக்கு ராணிக்கெட் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். அந்த நோய் புறாவையும் கிளியையும்கூடத் தாக்கும். புதுப் பறவை வாங்கினால் ஒரு மாதத்துக்கு வேறு அறையில் வையுங்கள், பழையதற்குத் தீன் போட்ட பிறகு புதியதற்குப் போடுங்கள். காட்டுக் கிளிக்குஞ்சு என்று யாராவது கொண்டுவந்து தந்தால் வாங்கவே வேண்டாம். நம் நாட்டுக் கிளிகளில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை உண்டு.

கிருமி தவிர வேறு ஆபத்துகளும் உண்டு. குசினிக்குள் கூட்டை வைக்காதீர்கள். நொன்ஸ்டிக் சட்டி அளவுக்கு மீறிச் சூடானால் வருகிற புகை சில நிமிடத்தில் பறவையைக் கொன்றுவிடும். அவகாடோவும் அதற்கு நஞ்சு. தினை மட்டும் தின்கிற பறவைக்கு விற்றமின் ஏ குறையும், ஆகவே கழுவிய முருங்கை இலை கொடுங்கள்.

வைத்தியரிடம் கொண்டுபோகிற நாளில் கூட்டைக் கழுவ வேண்டாம், முதல்நாள் தாளை அப்படியே விடுங்கள். அந்த எச்சம் வைத்தியருக்கு வேண்டும். நிறை எழுதிய கொப்பியையும், கொடுக்கிற தீனில் ஒரு பிடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய அன்டிபயோட்டிக்கைத் தண்ணீரில் கலந்து கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், சோதனை முடிவை அது மாற்றிவிடும். வெயில் ஏறுவதற்கு முன் புறப்படுங்கள். கூட்டைப் பருத்தித் துணியால் மூடி, ஒரு பக்கம் காற்றுக்கு விட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல்நாளே பணிமனைக்குத் தொலைபேசியில் அழைத்து, வைத்தியர் வெளிக்களத்துக்குப் போகாமல் நிற்கிற நேரத்தைக் கேட்டுக்கொண்டால் வீண் அலைச்சல் இருக்காது.