பூசணி இலைக்குப் பால்

பூசணிக் கொடியின் அடியிலைகளில் கோலமாவு சிந்தியதுபோல் வெள்ளைப் பொட்டுகள் தெரிகின்றனவா? அது சாம்பல் நோய். விரலால் தேய்த்தால் மாவு ஒட்டும். சில நாளில் மீண்டும் படரும். மழையே இல்லாதபோது பூஞ்சை எப்படி வந்தது என்று கேட்பார்கள். பல பூஞ்சைகளைப் போல இதற்கு இலை நனைந்திருக்க வேண்டியதில்லை. காற்றில் ஈரப்பதமும் நெருக்கமான நிழலும் போதும். ஆகவே மூடிக்கிடக்கும் முதிர்ந்த இலைகளைக் கழித்து, கொடிக்குக் காற்றுவிடுவதுதான் முதல் வேலை.

அடுத்தது பால். கைவைத்தியம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். பிரேசில் ஆய்வாளர் வாக்னர் பெட்டியோல், பசுமைக்குடிலில் வளர்ந்த, பூசணி இனத்தைச் சேர்ந்த சுக்கினிச் செடிகளுக்குத் தண்ணீர் கலந்த பசும்பாலைத் தெளித்துப் பார்த்து, 1999-இல் முடிவுகளை வெளியிட்டார். பால் கூடுதலாகச் சேர்ந்த கலவைகள் பூஞ்சைக்கொல்லிக்குக் குறையாமல் நோயை அடக்கின. குடிலில் பலித்தது கொல்லையில் பலிக்குமா என்பது நியாயமான கேள்வி. மழை பெய்தால் பால் கழுவிப்போகும். மறுபடி தெளிக்கத்தான் வேண்டும். கந்தகம் போதாதா என்றால், அதுவும் நல்ல மருந்துதான்; ஆனால் கடும் வெயிலில் பூசணி இன இலைகளைக் கருக்கிவிடும். ஒரு டம்ளர் பாலுக்கு ஒன்பது டம்ளர் தண்ணீர் கலந்து, காலை வேளையில், இலையின் இருபுறமும் நனையும்படி வாரம் ஒருமுறை தெளியுங்கள். முதல் பொட்டு தெரிந்த அன்றே தொடங்குங்கள். முழுக்க வெளுத்துக் காய்ந்த இலையை எந்த மருந்தாலும் மீண்டும் பச்சையாக்க முடியாது.