எண்பத்தேழு யார் கணக்கில்?

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



தேர்தலும் தலித் அரசியலும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. கோட்பாடு பேச இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் பேங்க் கிளார்க். அவ்வப்போது கவிதை எழுதுகிறவன். எனக்குத் தெரிந்தது கணக்குத்தான். அதனால் ஒரே ஒரு எண்ணைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அந்த எண் 87.

2016 சட்டமன்றத் தேர்தல். மக்கள் நலக் கூட்டணியில் விடுதலைச் சிறுத்தைகள் 25 தொகுதிகளில் நின்றார்கள். காட்டுமன்னார்கோயில் தனித் தொகுதியில் தொல். திருமாவளவன். மே 19 அன்று எண்ணி முடித்தார்கள். அ.தி.மு.க.வின் முருகுமாறன் 48,450. திருமாவளவன் 48,363. வித்தியாசம் 87. அதே பெயரில் நின்ற சுயேச்சை ஒருவருக்கு விழுந்தது 289. மற்ற 24 இடங்களிலும் தோல்விதான்.

அப்போது நான் கல்லூரி முடித்துவிட்டு வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். கட்சி உறுப்பினர் இல்லை. ஆனாலும் வீராணம் ஏரியை ஒட்டிய சேரிகளில் நாங்கள் நாலைந்து பேர் இரண்டு மாதம் சைக்கிளில் அலைந்தோம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம், "பேரப் பாக்காதீங்க, மோதிரத்தப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. ஒரு தாத்தா மட்டும் அசைந்து கொடுக்கவே இல்லை. "கைன்னா எங்களுக்கு இளையபெருமாள்டா" என்றார். எல். இளையபெருமாள் காட்டுமன்னார்கோயில்காரர். 1952இலேயே நாடாளுமன்றம் போனவர். தீண்டாமையை ஆராய 1965இல் போட்ட குழுவுக்குத் தலைவராக இருந்து 1969இல் அறிக்கை கொடுத்தவர். அந்தத் தாத்தாவின் விசுவாசத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருந்தது. அதோடுதான் நாங்கள் பேச வேண்டியிருந்தது.

முடிவு வந்த மறுநாள் தெருவில் என்ன பேச்சு தெரியுமா? "மெட்ராசுக்குக் கட்டட வேலைக்குப் போன நம்ம பசங்க எண்பத்தேழு பேரு பஸ் ஏறி வந்திருந்தா போதும்." "திருப்பூர்ல இருக்கறவன் ஒருத்தனும் வரல." விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். யார் வீட்டில் எத்தனை ஓட்டு, யார் வரவில்லை, யார் காசு வாங்கினான். இரண்டு மாதம் ஒன்றாக அலைந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை என்றானது.

திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஆயா ஒன்று சொன்னது. "ஏன் தம்பி, ஊருக்குள்ள எத்தினி பேரு நமக்குப் போடலன்னு எவனாச்சும் எண்ணுனீங்களா? எங்க தெருவத்தான் எண்ணுவீங்களா?"

தோழர்களே, நான் படித்த அரசியல் புத்தகங்களை விட இந்தக் கேள்வி எனக்குப் பெரிசு.

தனித் தொகுதி என்பது என்ன? 1932 செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இரட்டை வாக்குரிமையோடு நமக்கென்று கிடைத்த தனி வாக்காளர் தொகுதி போனது. இட ஒதுக்கீடு நின்றது. அன்றிலிருந்து வேட்பாளர் நம்ம ஆள், வாக்காளர் எல்லாரும். எந்தக் கட்சியும் தனித் தொகுதியில் ஒரு தலித்தை நிறுத்திவிடலாம். அவருக்கு ஓட்டுப் போடுவதில் சாதி இந்துவுக்குச் சங்கடமில்லை, ஏனென்றால் அவர் போடுவது கட்சிக்கு. ஆனால் சேரியிலிருந்து எழுந்த கட்சி, சேரியின் பேரால் வந்து ஓட்டுக் கேட்டால் மட்டும் ஊர் யோசிக்கிறது. அந்த யோசனையை எண்ண எந்த மிஷினும் இல்லை. எண்ணக் கிடைப்பது சேரிதான். அதனால் தோல்வி சேரியின் தலையில் எழுதப்படுகிறது.

சாயங்காலம் கவுண்டரில் பணம் குறைந்தால் நாங்கள் கடைசியாக வந்த வாடிக்கையாளரைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. காலையிலிருந்து ஒவ்வொரு சலானாகப் புரட்டுவோம். அரசியலில் மட்டும் ஏன் வரிசையில் கடைசியாக நின்றவனைப் பிடிக்கிறோம்?

இதற்குச் சாட்சி 2021. அதே தொகுதி, அதே சேரிகள், எதிரே நின்றவரும் அதே முருகுமாறன். விடுதலைச் சிறுத்தைகளின் சிந்தனைச்செல்வன் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் ஜெயித்தார். திருப்பூர் போன பையன்கள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்களா? இல்லை. இந்த முறை தி.மு.க. கூட்டணி இருந்தது. கூட்டணி ஓட்டு வந்து சேர்ந்தது. அப்படியானால் 2016இல் குறைந்த 87ஐச் சேரிக்குள் தேடியது என்ன நியாயம்? கூட்டணி கூடாது என்று நான் சொல்லவில்லை. அதன் விலை என்ன, அதை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கச் சொல்கிறேன்.

ஜெயித்தாலும் சேரிதான் விலை கொடுக்கிறது. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் நின்று திருமாவளவன் 3,219 ஓட்டில் வென்றார். வாக்குப்பதிவு நடந்த ஏப்ரல் 18 அன்று பொன்பரப்பியில் தலித் குடியிருப்பைத் தாக்கினார்கள். வீடுகளை உடைத்தார்கள். பானை சின்னம் என்பதால் தெருவில் பானையைப் போட்டு உடைத்ததில் தொடங்கிய தகராறு என்று செய்தி வந்தது. ஓட்டுப் போடுவது ஒரு நிமிஷ வேலை என்று நகரத்தில் சொல்கிறார்கள். பொன்பரப்பியில் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

2016 தோல்விக்குப் பிறகு என்னோடு சைக்கிள் மிதித்தவர்களில் இருவர், "இனி அரசியலே வேணாம்" என்று ஒதுங்கிவிட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. தோல்வியைக் கவிதையாக்குவது சுலபம், தலைப்பைக்கூட '87' என்று வைத்துவிடலாம். நான் எழுதவில்லை. அந்த எண் ஒரு சோகமாக உறைந்துபோவதில் எனக்கு விருப்பமில்லை. அது வேலையாக மாறணும்.

என்ன வேலை? கிளார்க் வேலைதான். ஓட்டு மே மாதம் பிறப்பதில்லை, பட்டியலில் பிறக்கிறது. வேலை தேடிப் போகும் குடும்பம் வீட்டைப் பூட்டியிருந்தால், சரிபார்க்க வருகிறவர் 'இடம்பெயர்ந்தோர்' என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். 2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது இதே பயம்தான் எங்கள் தெருக்களில் இருந்தது. பூட்டிய வீட்டுக்குப் படிவத்தை யார் வாங்குவது, யார் நிரப்புவது? பெயர் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. இதைத் தெரிந்த ஒரு ஆள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கணும். மேடை போட்டுப் பேச ஆயிரம் பேர் வருகிறோம். படிவம் நிரப்ப ஒருத்தர் வருவதில்லை.

இன்னொரு வேலை கஷ்டமானது. ஆயா கேட்டாளே, ஊருக்குள் எண்ணினீர்களா என்று, அந்த வேலை. ஊர்த்தெருவில் போய், ஏன் எங்களுக்கு ஓட்டுப் போடமாட்டீர்கள் என்று தேர்தல் இல்லாத நாளில் கேட்பது. கல்லூரியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறானே சாதி இந்து நண்பன், அவனிடமிருந்து ஆரம்பிக்கலாம். அவன் பதில் சொல்லட்டும். பதில் சொல்லாமல் நழுவினால் அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போனதும் உங்கள் தெருவின் வாக்காளர் பட்டியலை எடுத்துவைத்து, ஒவ்வொரு வீடாகச் சரிபாருங்கள். யார் பேராவது விடுபட்டிருந்தால் அவர் வீட்டுக்கு அன்றே போங்கள்.